துரை சாப்பிட மறுக்கிறார்

புலாவ் செபாங் ஊரில் எந்த ஐஸ்பெட்டி நின்றுபோனாலும் ஓட வைத்துவிடுகிற கிளீட்டஸுக்கு, ஒரு முழம் நீளமுள்ள நாய்க்குட்டியைச் சோறு தின்ன வைக்கத் தெரியவில்லை.

குட்டிக்கு வயது இரண்டு மாதம். பெயர் துரை. நடத்தையும் அப்படியே. புது எவர்சில்வர் தட்டில் கோழி ஈரலும் சோறும் பிசைந்து வைத்தால், எஸ்டேட்டைப் பார்வையிட வந்தவர்போல் நெருங்குவார், முகர்வார், குனிவார், சட்டென்று பின்வாங்கிவிடுவார். ஈரல் போய் அவித்த கெம்போங் மீன் வந்தது. மீன் போய் டின் உணவு வந்தது. கல்யாணமான புதிதில் கிளீட்டஸுக்கே இந்த உபசாரம் நடந்ததில்லை. துரையின் விலா எலும்புகளோ வெளியே தெரிய ஆரம்பித்தன.

“கையில ஊட்டுனா நாலு வாய் தின்னுது. நான் வேலைக்குப் போறதா, இதுக்கு ஆயாவா இருக்கறதா?” என்றாள் மனைவி செலின். “நாளைக்குப் பூசை முடிஞ்சதும் உம்பாய்க்குக் கொண்டுபோய் குட்டியைக் கொடுத்த கேத்லீன்கிட்டயே திருப்பிக் கொடுத்துருவோம். தாய்கிட்டயாவது பொழைக்கும்லா.”

கிளீட்டஸுக்கு மனமில்லை. அவனுடைய வேலைப் பையின்மேல்தான் துரை தினமும் தூங்குவார்.

அன்று மாலை பக்கத்து வீட்டு மலர்க்கொடி வேலிக்கு மேலே தலை நீட்டினாள்.

“தம்பி, உங்க துரை என் பூனைச் சோத்தைக் காலி பண்ணிட்டாரு! வீட்ல சமைக்கறதே இல்லையா?”

பழைய சோறு, நெத்திலித் தலை. ஈரலை ஒதுக்கியவரின் விருந்து அது. கிளீட்டஸ் வெட்கத்தை விட்டு அதே சோற்றில் ஒரு பிடி வாங்கிவந்து எவர்சில்வர் தட்டில் வைத்தான். துரை குனிந்தார், பின்வாங்கினார்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஓடாத ஐஸ்பெட்டியில் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பவன், இங்கே சாப்பாட்டை மட்டுமே மாற்றிக்கொண்டிருந்தான். தட்டை ஒருமுறைகூட மாற்றவில்லை. மலர்க்கொடி சோறு வைத்தது மார்ஜரின் டப்பா மூடியில். துரை பயமில்லாமல் தண்ணீர் குடிப்பதும் பிளாஸ்டிக் வாளியில்.

தரையில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டான். துரை மறுபடி குனிந்தார். ‘டிங்!’ துள்ளி ஓடினார்.

“செலின்! துரை கழுத்துல நீ கட்டுன அந்தோணியார் மெடல் தட்டுல இடிக்குது. அந்தச் சத்தத்துக்குத்தான் பயப்படுது.”

“மெடலைக் கழட்ட விடமாட்டேன். குட்டி காணாமப் போகக்கூடாதுன்னு வேண்டிக் கட்டுனது.”

அந்தோணியார் மேல் தப்பில்லை. குட்டி எங்கேயும் காணாமல் போகவில்லை; கண்ணெதிரிலேயே பட்டினி கிடந்தது.

“யாரு கழட்டச் சொன்னா?” என்று கிளீட்டஸ் அடுக்களைக்குப் போய் மார்ஜரின் டப்பாவின் மூடியை எடுத்து வந்து, சோற்றை அதில் கொட்டினான். துரை குனிந்தார். பதக்கம் பிளாஸ்டிக்கில் சத்தமில்லாமல் படிந்தது. மூடி வழுக்கிச் சுவரில் முட்டும்வரை நக்கித் தீர்த்தார்.

இனி உம்பாய்க்குப் போக வேண்டியதில்லை. பதக்கம் கழுத்திலேயே இருக்கலாம். சோற்றை மட்டும் பிளாஸ்டிக் மூடியில் வைக்க வேண்டும்.