சமத்து

தடியன் கொட்டாவி விட்டான். வீடே கைதட்டிச் சிரித்தது.

வந்தவள் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு காலில் செருப்பைக் கழற்றிவிட்டு மறுகாலில் கழற்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். கூடத்தின் நடுவில் விரித்திருந்த கம்பளத்தில் கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு பழுப்பு நாய் உட்கார்ந்திருந்தது. அதன் காதுமடலில் நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று தன் தலைக்கிளிப்புகளை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டிருந்தது. ஒரு காதில் மஞ்சள், மறுகாதில் சிவப்பு. கிளிப் 'டப்' என்று மூடும்போதெல்லாம் நாய் தன் மூக்கை நக்கிக்கொண்டது. தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரத்துக்குக் கொண்டுபோய்க் குழந்தையின் கையைப் பார்த்தது. விழியின் வெள்ளை, பிறை மாதிரி தெரிந்தது. பிறகு இன்னொரு கொட்டாவி.

"தூக்கம் வந்துடுச்சு துரைக்கு," என்றார் குழந்தையின் அப்பா. "உள்ள வாங்க டீச்சர். ஒன்னும் பண்ண மாட்டான். பசுமாடு."

பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கும் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் வீடுவீடாகப் போய் நாய்களுக்குப் பழக்கவழக்கம் சொல்லித்தரும் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவள் நாய் டீச்சர்தான். "உங்க கிளாஸ்ல யாரு ஃபர்ஸ்ட் ரேங்க்?" என்று கேட்காத ஆள் கிடையாது. கேட்கிறவருக்கு அது அந்த நிமிஷம் உதித்த நகைச்சுவை. அவளுக்கோ அது பல் தேய்ப்பது போல அன்றாடம் நடக்கிற காரியம். குழந்தையின் அப்பாவான சோபா கடைக்காரரும் கேட்டார். அவளும் வழக்கம்போல, "உங்க பையன்தான் சார்," என்று சொல்லிவைத்தாள்.

ஆள் நல்ல மனுஷன். சொந்தமாகச் சோபா கடை வைத்திருப்பவர், வாய் ஓயாமல் பேசுவார், வந்தவரை உட்கார வைத்துக் காபி கொடுக்காமல் அனுப்ப மாட்டார். மகள் என்றால் உயிர். நாய் என்றால் அதற்கு அடுத்தபடி உயிர். அவளைக் கூப்பிட்டதற்கு அவர் சொன்ன காரணம் இதுதான்: கொஞ்ச நாளாகத் தடியன் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறான், கூப்பிட்டால் வருவதில்லை, குழந்தை ஏங்கிப் போகிறாள். அதனால் கட்டிலுக்கு அடியில் பெட்டிகளையும் பைகளையும் நெருக்கி அடுக்கி இடத்தை அடைத்துவிட்டார். இப்போது ஒளிய முடியாது. இனி அவன் குழந்தையோடு சிரித்து விளையாடக் கற்றுக்கொடுத்தால் போதும்.

"கடைசியா எப்ப உறுமினான் சார்?"

"உறுமறதா? அதெல்லாம் அந்தக் காலம். பாப்பா தவழ ஆரம்பிச்சப்போ ரொம்ப உறுமிட்டிருந்தான். நானே நிறுத்திட்டேன்." பெருமை பிடிபடவில்லை அவருக்கு. டிவி மேசைக்குக் கீழே கையை விட்டு ஒரு தகர பிஸ்கட் டப்பாவை எடுத்தார். உள்ளே சோபாவுக்குப் போடும் திருகாணிகள். "உறுமினா இத காதுகிட்ட கொண்டுபோய் ஒரே ஆட்டு. அவ்ளோதான். ஒரு மழைக்காலம் முடியறதுக்குள்ள ஆள் கப்சிப்."

ஆட்ட வேண்டியிருக்கவில்லை. டப்பாவைப் பார்த்ததுமே தடியன் கம்பளத்தோடு கம்பளமாகப் படிந்துவிட்டான். குழந்தை அவன் முதுகைத் தட்டிக்கொடுத்து, "சமத்து," என்றது.

டீச்சருக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே ஆகாது. ஊசி போடும்போது அழாத குழந்தை சமத்து. பசிக்கிறது என்று கேட்காத மருமகள் சமத்து. வலிக்கிறது என்று சொல்லாதவர்களுக்கெல்லாம் கொடுக்கிற மெடல் அது. மனிதர்கள் அதை வாங்கி மாட்டிக்கொண்டு எப்படியோ காலத்தை ஓட்டிவிடுகிறார்கள். நாய்க்கு அது முடியாது. கொட்டாவி விடும், மூக்கை நக்கும், அதெல்லாம் தூக்கமில்லை, பயம். உறுமல் என்பது நாய் போடும் சண்டை இல்லை, சண்டை வேண்டாம் என்று அது சொல்லும் வார்த்தை. அந்த வார்த்தையைப் பிடுங்கிவிட்டால் கோபம் போய்விடுவதில்லை, பயம் போய்விடுவதில்லை, சத்தம் மட்டும்தான் போகிறது. ஆஸ்பத்திரி நடைகளில் அவள் சந்தித்த, நாய்க்கடி பட்ட குழந்தைகளின் பெற்றோர் எல்லாரும், ஒருவருக்கொருவர் முன்பின் தெரியாதவர்கள், சொல்லிவைத்தாற்போல ஒரே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறார்கள். 'ஒரு உறுமல்கூட இல்ல மேடம், திடீர்னுதான்.' திடீரென்று எதுவும் நடந்திருக்காது. வருஷக்கணக்காக நடந்திருக்கும், வாயைத் திறக்க விட்டிருக்க மாட்டார்கள்.

இங்கே ஒளியவும் வழியில்லாமல் பெட்டிகளை வேறு அடுக்கியாகிவிட்டது. பேசவும் கூடாது, ஓடவும் கூடாது என்றால் அந்தப் பிராணிக்கு மிச்சம் இருப்பது பல் ஒன்றுதான்.

இதை இப்படியே அவரிடம் சொல்லிவிடத்தான் அவள் வாயெடுத்தாள். அதற்குள் குழந்தையின் அம்மா காபிக் கோப்பையை நீட்டுகிற சாக்கில் சமையலறைப் பக்கம் கண்ணைக் காட்டினாள். ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே எடுக்கிற பெண் அவள், அதிகம் பேசமாட்டாள். பின்னால் போன டீச்சரிடம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, தாழ்ந்த குரலில் பேசினாள்.

"எனக்கு என்னமோ சரியாப் படல டீச்சர். அதான் நானே உங்கள கூப்பிடச் சொன்னேன். ஆனா ஆபத்துன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க. அவரோட அண்ணன் வீட்டுல ஒரு நாய் இருந்துச்சு. வந்தவங்க கைய ஒரு தடவ கவ்விடுச்சு. பல்லுகூட பதியல. மறுநாளே ஊசி போட்டு முடிச்சிட்டாங்க. இவரும் அண்ணன் சொல்றததான் கேப்பார். பயம் வந்துட்டா தடியன் இந்த வீட்டுல ஒரு ராத்திரி தங்க மாட்டான்."

சொன்னால் நாய் போகும். சொல்லாவிட்டால் ஒருநாள் குழந்தையின் முகம் போகும். காபி ஆறும்வரை டீச்சர் யோசித்தாள். ஆபத்து என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவது அவளுக்குச் சுலபம், மனசாட்சிக்கும் சேதமில்லை. ஆனால் தடியன் போனால் அடுத்து ஒரு குட்டி வரும். அதே டப்பாவும் வெளியே வரும். கூடத்துக்குத் திரும்பியவள் பாதியைச் சொன்னாள்.

"சார், இவன் பேச்ச மறந்துட்டான். முதல்ல உறுமக் கத்துக்குடுக்கணும்."

சோபா கடைக்காரர் சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தார். "நாய அடக்கறதுக்கு ஆள் வெப்பாங்க. உறும வைக்கறதுக்கு ஆள் வெச்ச முதல் ஆள் நான்தான் டீச்சர்!"

சிரித்தாலும் மறுக்கவில்லை. கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவே குழந்தை திறக்க முடியாத ஒரு தடுப்புக் கதவு வந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டிகள் வெளியேறின. தடியன் தானாக வந்தால் தவிர அவனை யாரும் தொடக்கூடாது, டப்பாவை எடுக்கவே கூடாது, சின்னதாக ஒரு சத்தம் போட்டாலும் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு விலகிப் போய்விட வேண்டும். குழந்தை இதையெல்லாம் ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டு, அப்பா குறுக்கே போனால்கூட "தொடாத, தள்ளிப் போ," என்று அதட்டியது.

டீச்சர் வாரத்தில் மூன்று முறை வந்தாள். தடியனின் தட்டுக்குப் பக்கத்தில் ஓர் அடி எடுத்து வைப்பாள். அவன் முதுகு விறைக்கும். உடனே பின்வாங்கி ஒரு வேகவைத்த கோழித் துண்டை எறிவாள். 'நீ சொன்னது எனக்குக் கேட்டது' என்று அதற்கு அர்த்தம். மறுபடியும் ஓர் அடி. மறுபடியும் பின்வாங்கல். பார்க்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத்தான் இருந்திருக்கும். அவன் முதலில் உதட்டின் ஓரத்தை மட்டும் தூக்கினான், தூக்கிய கையோடு டிவி மேசையைப் பார்த்தான். டப்பா வரவில்லை. அதை நம்ப அவனுக்கு ரொம்ப நாள் பிடித்தது.

பிறகு ஒரு மாலை அவன் தொண்டைக்குழியில் தண்ணீர் கொப்பளிப்பது போல ஒரு சத்தம் எழுந்து, எழுந்த வேகத்தில் அடங்கியது. டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. கையிலிருந்த துண்டுகளை மொத்தமாகக் கொட்டிவிட்டு எழுந்து வந்தாள். கதவோரம் நின்றிருந்த எக்ஸ்ரே அம்மா நெஞ்சில் கை வைத்திருந்தாள்.

"எனக்கும் கேட்டுச்சு டீச்சர். இது நல்லதுதானே?"

"இத விட நல்லது இந்த வீட்டுல வேற எதுவும் நடக்கல."

அன்றைக்குத்தான் பாக்கிப் பாதியையும் சொல்லியிருக்க வேண்டும். அதுவும் அவரிடம். அவரோ வந்ததும் வராததுமாகச் செய்தியைக் கேட்டு, "பாஸாயிட்டானா?" என்று டீச்சரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வீட்டில் எல்லாரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள். டீச்சரும் சந்தோஷமாக இருந்தாள், அதைக் கெடுத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அடுத்த முறைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை குறுக்கே வந்தது.

அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் வண்டி நிறுத்துமிடத்தில், கயிற்றைக் கடிக்கிற ஒரு குட்டிக்கு நடக்கப் பழக்கிக்கொண்டிருந்தபோது சோபா கடைக்காரர் போனில் கூப்பிட்டார். குரலில் ஏகப்பட்ட உற்சாகம்.

"இன்னிக்கு நம்ம மானம் கப்பலேறியிருக்கும் டீச்சர், நல்லவேளை தப்பிச்சோம்! அண்ணனும் அண்ணியும் வந்திருந்தாங்க. அந்த தடுப்ப பாத்துட்டு, இது வீடா ஜெயிலான்னு அண்ணன் சிரிச்சாரு. சரின்னு திறந்து விட்டேன். பாப்பா ஓடிப்போய் அவன கட்டிப் பிடிச்சா. இவன் என்னடான்னா, அண்ணன் முன்னாடி, உர்ருன்னு..."

"எல்லாரும் விலகிட்டீங்களா சார்?"

"எங்க விலகறது? அண்ணன் மூஞ்சியே மாறிடுச்சு. இத வெச்சிருக்கியா இன்னும்னு கேட்டுட்டாரு. அவர் வாயில அடுத்து என்ன வரும்னு எனக்குத் தெரியாதா? தடியன காப்பாத்தணும்ல? டப்பாவ எடுத்தேன்."

டீச்சர் கயிற்றைக் கீழே போட்டுவிட்டாள். குட்டி கிடைத்தது சாக்கு என்று அவள் செருப்பு வாரைக் கவ்வியது.

"எத்தன தடவ ஆட்டினீங்க?"

"அவன் அடங்கற வரைக்கும். கவலைப்படாதீங்க, பழையபடி சமத்தாயிட்டான். அண்ணனே தட்டிக்கொடுத்துட்டுப் போனாரு. இப்பதான் கிளம்பினாங்க."

"வீட்டுல அம்மா இருக்காங்களா?"

"டியூட்டிக்குப் போயிருக்கா."

"பாப்பா?"

"இதோ, அவன் மேலதான் சாஞ்சிக்கிட்டு இருக்கா."

டீச்சர் நாற்பது வயதுக்குள் எத்தனையோ கடிகளைப் பார்த்தவள். தன் கையிலும் வாங்கியவள். ஆனாலும் வண்டியை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும்போல இருந்தது. எவ்வளவு வேகமாகப் போனாலும் ஊரின் அந்தக் கோடிக்குப் போய்ச்சேர நேரம் பிடிக்கும்.

"வீடியோவுல வாங்க சார்," என்றாள். அதட்டாத குரலில் பேசிப் பேசியே பழகிய தொண்டை. அந்த நேரத்திலும் அது அதட்ட மறுத்தது.

திரையில் கூடம் தெரிந்தது. பெரிய சோபாவும் சுவரும் சேரும் மூலையில் தடியன் படுத்திருந்தான். பின்னால் சுவர், பக்கத்தில் சோபா, முன்னால் குழந்தை. அவன் வயிற்றைத் தலையணையாக வைத்துக்கொண்டு, காலை ஆட்டியபடி ஏதோ பாடிக்கொண்டிருந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தும் அவன் வாயைத் திறந்து, நாக்கைத் தொங்கவிட்டு, வேகவேகமாக மூச்சிரைத்தான்.

"சிரிக்கறான் பாருங்க!" என்றார் அப்பா.

"சார். நான் சொல்றத அப்படியே கேளுங்க. கத்தாதீங்க. கிட்டப் போகாதீங்க. டப்பாவத் தொடாதீங்க. சாக்லேட் தரேன்னு சொல்லி பாப்பாவ உங்க பக்கம் கூப்பிடுங்க. எந்திரிச்சு தானா வரட்டும்."

"அட, நீங்க வேற டீச்சர்! இப்பவும் உறுமுவான்னு பயமா? அதெல்லாம் சத்தமே வராது. இருங்க, காட்டறேன்."

"சார், உறுமலன்னாதான் பயம். உறுமாமலே கடிப்பான் சார். பாப்பாவக் கூப்பிடுங்க."

கடைசியில் அதைச் சொல்லியேவிட்டாள். ஆனால் அவர் அதற்குள் போனைத் தன் முகத்திலிருந்து விலக்கி மூலையை நோக்கி நீட்டிப் பிடித்திருந்தார். அவள் சொன்னது சோபாவுக்குத்தான் கேட்டிருக்கும்.

"குட்டிம்மா! டீச்சர் பாக்கறாங்க. தடியனுக்கு ஒரு முத்தம் குடு, பாக்கலாம்!"

குழந்தை குதித்துப் புரண்டு எழுந்தது. இரண்டு கையாலும் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டது. முகத்தை அவன் முகத்துக்கு நேராகக் கொண்டுபோனது. இரைத்துக்கொண்டிருந்த மூச்சு நின்றது. தடியன் நாக்கை உள்ளே இழுத்து வாயை மூடிக்கொண்டான்.

"பாத்தீங்களா?" என்றார் அப்பா, எங்கோ தூரத்திலிருந்து. "எவ்ளோ அமைதி!"

திரையில் எதுவுமே அசையவில்லை. நெட்வொர்க் போய்ப் படம் நின்றுவிட்டது என்று டீச்சர் ஒரு கணம் நினைத்தாள், அப்படியே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். மின்விசிறிக் காற்றில் குழந்தையின் தலைமுடி மட்டும் மெல்ல மெல்லப் பறந்துகொண்டிருந்தது.