ஞானவேல் குடிக்கவில்லை

தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு பிரின்ஸி குழம்பு ஊற்றாமல் நின்றாள்.

"ஏங்க, ஞானவேலு குடிச்சிருந்தாருன்னு ஸ்டேஷன்ல சொன்னது நீங்கதானா?"

டிக்சன் வெறும் சோற்றைப் பிசைந்தான். சர்ச்சில் பெண்கள் பேசிக்கொண்டார்களாம். அவள் நம்பவில்லையாம். பழனிக்கு மாலை போட்டிருந்தவர் எப்படிக் குடிப்பார் என்று அவர்களிடம் சண்டை போட்டுவிட்டு வந்தாளாம். அதைக் கேட்டதும் டிக்சன் தட்டைத் தள்ளி வைத்தான். எழுந்து கை கழுவினான். பிரின்ஸிக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை.

அட்டுவம்பட்டியில் டிக்சன் பெயின்டிங் காண்ட்ராக்டர். கொடைக்கானலில் பாதி லாட்ஜுகளின் சுவர் அவனுடைய ஆட்கள் கைபட்டதுதான். அந்த ஆட்களில் அவன் பெரிதும் நம்பியது கிளாவரைக்காரன் ஞானவேலை. எந்த உயரமானாலும் முகம் சுளிக்காமல் ஏறுவான்.

பொங்கல் விடுமுறைக்குள் ஒரு லாட்ஜை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. மேனேஜர் ஓயாமல் போன் போட்டுக்கொண்டே இருந்தார். மார்கழிப் பனியில் தகரக் கூரை விடியும்போது கண்ணாடிபோல வழுக்கும். வெயில் ஏறிக் காய்ந்த பிறகுதான் யாரும் மேலே போவார்கள். அன்று ஞானவேலும் அதைத்தான் சொன்னான். இடுப்புக் கயிறும் வேறொரு சைட்டில் கிடந்தது.

"வெயிலுக்குக் காத்துக்கிட்டிருந்தா பொங்கல் போயிரும். வெரசா ஏறுப்பா" என்றான் டிக்சன்.

ஞானவேல் ஏறினான். சற்று நேரத்தில் பெயின்ட் டப்பா உருண்டு வரும் சத்தம் கேட்டது. அதன் பின்னாலேயே அவனும் வந்தான்.

உயிர் பிழைத்துக்கொண்டது. முதுகெலும்பு போனது. இடுப்புக்குக் கீழே இனி எதுவும் அசையாது என்று மதுரை பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

விழுந்த அன்றே, தொழிலில் மூத்தவனான சந்தோஷ்குமார் டிக்சனை டீக்கடைக்குக் கூட்டிப்போய் வழி சொல்லிக் கொடுத்தான். ஆள் குடித்திருந்தான் என்று எழுதிவிட்டால் வேலை கொடுத்தவன் மேல் பழி விழாது. எல்லோரும் செய்வதுதான். யோசித்துப் பார்த்தபோது டிக்சனுக்கே அது உறைத்தது. இந்த மலையில் சாரத்திலிருந்து விழுந்த எவனும் குடிக்காமல் விழுந்ததாக அவன் கேள்விப்பட்டதே இல்லை. ஸ்டேஷனில் அவனும் அப்படியே சொன்னான். சொல்வதற்குச் சிரமமாகவே இல்லை.

அவனுடைய வேனுக்கு இன்சூரன்ஸ் இருந்தது. வருஷாவருஷம் அதைப் புதுப்பிக்க ஆயக்குடியிலிருந்து ஏஜென்ட் சிவமுருகன் வருவார், கையில் ஒரு பை கொய்யாவோடு. போன தடவை வந்தபோது வேலையாட்களுக்கும் ஒரு பாலிசி எடுக்கச் சொல்லி மன்றாடினார். ஒருத்தன் விழுந்தால் அவன் குடும்பமும் நிற்கும், உங்கள் வீடும் நிற்கும் என்றார். விழுவதற்கு முன்பே விழுவான் என்று பணம் கட்டுவது அபசகுனம் என்று டிக்சன் சிரித்தான். கூலிக்கு வருகிறவன் இன்றைக்கு இருப்பான், நாளைக்கு இருக்கமாட்டான் என்றும் சொன்னான். சொல்லிக்கொண்டே கொய்யாவைக் கடித்தது இப்போதும் நினைவிருந்தது.

கை கழுவியவன் அன்றே மதுரைக்கு பஸ் ஏறினான்.

வார்டில் ஞானவேலின் மனைவி மணிமேகலை கட்டிலோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். டிக்சனைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. ஞானவேல் கழுத்தில் மாலை இல்லை. ஊரில் குருசாமி முருகானந்தம், குடித்தவன் கழுத்தில் அது கிடக்கக் கூடாது என்று ஆள் அனுப்பிக் கழற்றச் சொல்லிவிட்டாராம்.

தலையிலும் அடிபட்டதால் விழுந்த நாள் அவனுக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. டிக்சனைக் கண்டதும் கை கூப்ப முயன்றான்.

"அண்ணே, மன்னிச்சிருங்கண்ணே. மாலையப் போட்டுக்கிட்டு எப்படிக் குடிச்சேன்னே தெரியல. எல்லாரும் சொல்றாங்க. ஒங்களுக்கும் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன்."

டிக்சன் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டான். பொய் ஸ்டேஷன் காகிதத்தோடு நின்றுவிடும் என்று நினைத்திருந்தான். அது இவன் தலைக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டது. கால்கள் செயலிழந்தவன் செய்யாத பாவத்துக்கும் அழுதுகொண்டிருந்தான்.

"நீ குடிக்கல ஞானவேலு. வெயில் வரட்டும்னு சொன்ன. நாந்தான் ஏத்துனேன். கயிறு இல்லாம ஏத்துனேன்."

ஞானவேல் நம்பாதவன்போல மனைவியைப் பார்த்தான். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது. டிக்சன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மணிமேகலை கையால் நிறுத்தினாள்.

"இங்கன சொன்னா எங்க ரெண்டு பேருக்குத்தாண்ணே கேக்கும். எம்மவள பள்ளிக்கூடத்துல குடிகாரன் மகள்ங்குறாக. எங்க ஊர்ல வந்து சொல்லுங்க."

போனான். கிளாவரை பஜனை மடத்து வாசலில், பூண்டு மூட்டை ஏற்ற நின்றவர்களும் பாதயாத்திரைக்காரர்களும் பார்க்க, நடந்ததைச் சொன்னான். முருகானந்தம் தலை குனிந்து நின்றார். பிறகு, தம்பி வந்து ஒத்துக்கொண்டதே பெரிசு, நடந்தது நடந்துபோச்சு, இத்தோடு விட்டுவிடலாம் என்றார். சுற்றி நின்றவர்களும் ஆமோதித்தார்கள். டிக்சனுக்கு ஒரு கணம் மூச்சு லேசானது.

"விடச் சொல்ல நீங்க யாருங்க?" என்றாள், இதற்காகவே மதுரையிலிருந்து வந்திருந்த மணிமேகலை. குரலை உயர்த்தவில்லை. "திங்கக்கெழம திண்டுக்கல்லு லேபர் ஆபீசுல மனுக் குடுக்கப் போறேன். அங்கயும் வந்து சொல்லச் சொல்லுங்க."

சந்தோஷ்குமார் போனில் கத்தினான். ஒத்துக்கொண்டால் நஷ்டஈட்டுக்கு வேனும் வீடும் சேர்ந்து போகும் என்றான். டிக்சன் சிவமுருகனை அழைத்து, ஞானவேல் பெயரில் இப்போதாவது ஏதாவது எடுக்க முடியுமா என்று கேட்டான். விழுந்த பிறகு முடியாதுங்க என்றார் சிவமுருகன். மற்ற ஆட்களின் பெயரையாவது எழுதிக்கொள்ளச் சொன்னான் டிக்சன்.

திங்கட்கிழமை வெள்ளனே பிரின்ஸி ஒரு பொட்டலத்தில் இட்லி கட்டிக் கொடுத்தாள். வீட்டைப் பற்றி அவளும் பேசவில்லை, அவனும் பேசவில்லை.

திண்டுக்கல் ஆபீசில் மணிமேகலை அவன் பக்கம் திரும்பாமல் வரிசையில் நின்றாள். அவளுக்குப் பின்னால் அவன் நின்றான். கிளார்க் மனுவை வாங்கிப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"வேலை செய்யும்போதுதான் விழுந்தாரு, குடிக்கலைன்னு சொல்ல ஒங்க தரப்புல சாட்சி யாராச்சும் இருக்காங்களாம்மா?"

மணிமேகலை சற்று விலகி நின்றாள். டிக்சன் முன்னால் வந்தான்.

"நான் பாத்தேங்க."

"நீங்க யாரு?"

"அந்த மனுவுல எதிராளின்னு போட்டிருக்கே, அது நாந்தாங்க."