தோப்புக்கு ஒரு பர்மனென்ட்

புரோக்கர் பிரவீன்குமார் மூன்றாவது சங்கரா மீனைத் தட்டில் போட்டுக்கொண்டபோது டெய்சிக்கு அருவருப்பாக இருந்தது. கடலோர ஊரிலிருந்து தம்பி பிராங்க்ளின் காலையில் பஸ்ஸில் கொடுத்தனுப்பிய மீன். அதைத் தின்றுகொண்டேதான் இவன் அந்தக் கரைக்கு விலை பேசினான்.

கரையை ஒட்டிய சவுக்குத்தோப்பு டெய்சிக்கு அப்பா எழுதிவைத்தது. அதைத் தாண்டி ஒரு கட்டடம் இல்லை, விளக்கு இல்லை. ஆமைகள் இன்னும் அங்கே வந்து முட்டையிடுகின்றன. இவள் கையெழுத்துப் போட்டால் ரிசார்ட் வந்துவிடும்.

கணவர் இன்னாசிராஜுக்கு எப்போதோ சம்மதம். அவர் அப்பா வயலைச் சுரங்கத்துக்குக் கொடுத்துத்தான் இவருக்கு வேலை வந்தது, இந்தக் குவார்ட்டர்ஸும் வந்தது. நிலத்தைக் கொடுத்தால் வீட்டில் ஒருவருக்குப் பர்மனென்ட் வேலை என்பது அவர் மண்டையில் ஊறிப்போயிருந்தது. ரிசார்ட்காரனும் அப்படித்தான் என்று நம்பினார், பாவம்.

பிரவீன்குமார் போனில் படம் காட்டினான். மணல் முழுக்கக் குடையும் நாற்காலியும்.

"படகெல்லாம் எங்க நிக்கும்?" என்றாள் டெய்சி.

"அப்பால தள்ளிடுவோம்க்கா. மீன் நாத்தத்துல எவன் வந்து தங்குவான்?" என்று முள்ளை உறிஞ்சினான்.

"ஆமைங்க?"

"ரெண்டைப் புடிச்சித் தொட்டியில வுட்டுட்டா போச்சு. வரவங்க செல்பி எடுத்துக்குவாங்க."

இன்னாசிராஜ் பொறுமையிழந்தார். "அத வுடுங்க. எங்க பையன் அலெக்சாண்டருக்கு என்னா வேலை?"

"கேட்ல செக்யூரிட்டிங்க. ஊர்க்காரங்க உள்ள வராம பாத்துகினா போதும். பர்மனென்ட்."

பிராங்க்ளின் வலையோடு வருவான். அவனைத் தடியோடு மறிக்க இவள் மகன் நிற்பான். இப்போதாவது இந்த மனுஷனுக்கு உறைக்கும் என்று டெய்சி கணவரின் முகத்தைப் பார்த்தாள்.

"ஷிப்ட் எப்பிடிங்க? குவார்ட்டர்ஸ் குடுப்பாங்களா?" என்றார் அவர்.

சீ என்றாகிவிட்டது. இரண்டு பேர் தட்டையும் வெடுக்கென்று இழுத்தாள்.

"எந்திரிங்க ரெண்டு பேரும். அந்த நாத்தத்துல புடிச்ச மீனத்தான் இவ்ளோ நேரம் துன்னுகினு இருந்தீங்க."

"வூட்டுக்கு வந்தவர இப்பிடியா..."

"தாய்மாமன வெரட்டறதுக்கு எம் புள்ளய அனுப்ப மாட்டேங்க. கையெழுத்தும் கெடையாது."

பிரவீன்குமார் கைகூடக் கழுவாமல் பைக்கை எடுத்தான். இன்னாசிராஜ் எச்சில் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். டெய்சி மீதி மீனைப் பின்வாசல் நாய்க்குக் கொட்டினாள். அது தின்பதைப் பார்க்க அவளுக்கு அருவருப்பாக இல்லை.