டேங்குக்குள் ஒரு பெட்டி

பதுளைக் கடைத்தெருவில் புடவைக் கடை வைத்திருந்த ஹுமைத்துக்கு, துணியை விடத் தன்னுடைய மொரிஸ் மைனர் மேல்தான் பிரியம். நுவரெலியாவில் நடக்கும் மலையேற்றக் கார்ப் போட்டியில் ஒரு தடவையாவது ஓடிவிட வேண்டும் என்று அந்த வருஷம் வரிந்துகட்டிக்கொண்டு நின்றார். எஞ்சினுக்கு இரட்டைக் கார்புரேட்டர் பூட்டியாயிற்று. அதன் பசிக்குப் பெற்றோல் ஏற்றும் பழைய பம்ப் ஈடுகொடுக்காததால், பெரிய காருக்கான மின்சாரப் பம்ப் ஒன்றும் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தது.

நேரான ரோட்டில் கார் பறந்தது. ஸ்பிரிங்வெளி ஏற்றத்திலோ வளைவுக்கு வளைவு இருமி, கடைசியில் நின்றேவிட்டது. தேயிலை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு வந்து தள்ளிவிட்டார்கள். ஹுமைத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அந்தத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த கந்தப்பன் அவருடைய கூட்டாளி. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, பெற்றோல் டேங்கைக் கழற்றிக் குலுக்கிப் பார்த்தார்.

"பம்புல குத்தமில்ல மொதலாளி. வளைவுல பெற்றோல் பூரா ஒரு பக்கமா ஒதுங்கிடுது. குழாய் வெறும் காத்தத்தான் உறிஞ்சுது. அடியில வெட்டி, ஓட்டை போட்ட சின்னப் பெட்டி ஒண்ணு வச்சுப் பத்தவச்சிருவோம். அதுக்குள்ள எறங்குன பெற்றோல் சட்டுனு வெளிய ஓடாது. குழாயையும் பெருசாக்கணும்."

"அப்ப வெட்டுங்க."

ஹுமைத்தின் மனைவி றஷீனா வாசலுக்கு வந்தாள். "பெற்றோல் டேங்குக்கு என்ட வீட்டு முத்தத்திலயா நெருப்பு வெக்கப் போறீங்க?"

"கழுவிட்டுத்தான் வைப்போம் தங்கச்சி."

"நான் மோந்து பாக்குறேன். மணம் போகாம யாரும் கைவெக்கப்படாது."

சவர்க்காரம் போட்டு வெந்நீரில் கழுவினார்கள். றஷீனா குனிந்து முகர்ந்து, "இன்னும் இரிக்கு" என்றாள். மறுபடி கழுவி வெயிலில் காயவைத்தார்கள். "இரிக்கு." அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது, பகல் சோறு பிந்திப்போனது. மூன்றாம் நாள்தான் அவள் தலையை ஆட்டினாள். அப்படியும் கந்தப்பன் அவசரப்படவில்லை. டேங்கின் அடித் தகட்டை உளியால் திறந்து, டேங்கைக் கவிழ்த்து, வெட்டிய வாய்க்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பி, மிச்ச ஆவியையும் வெளியேற்றிய பிறகே பெட்டியை ஈயம் வைத்துப் பற்றவைத்தார். அது முடியும்வரை றஷீனா பிள்ளைகளோடு பக்கத்து வீட்டிலிருந்தாள்.

போட்டியன்று மலை முழுக்க மூடுபனி. முதல் வளைவில் ஹுமைத் தன்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டார். எஞ்சின் இருமவில்லை. அடுத்த வளைவிலும் அதே முழக்கம். அதற்குப் பிறகு அவருக்குக் காரைப் பற்றிய நினைப்பே போய்விட்டது. ரோடு ஒன்றுதான் கண்ணில் நின்றது. உச்சியில் காரை நிறுத்தி இறங்கினார். தோட்டத் துரைமாருடைய பெரிய கார்கள் இரண்டு மட்டுமே அவரை முந்தியிருந்தன. கந்தப்பன் ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார்.

கூட்டத்துக்குள் முக்காட்டை இழுத்துவிட்டபடி றஷீனா நின்றாள். வரமாட்டேன் என்று சத்தியம் பண்ணியவள், காலை பஸ்ஸில் வந்திருந்தாள்.

"மூணாவதா?" என்றாள்.

"மூணாவது" என்றார், பல்லெல்லாம் தெரிய.

திரும்பும்போது அவள் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். கந்தப்பன் பின்சீட்டில் சாய்ந்ததும் தூங்கிப்போனார். வெலிமடைக்கு இப்பால் ஒரு பஸ் கரும்புகையைக் கக்கிக்கொண்டு முன்னால் ஊர்ந்தது. ஹுமைத் பொறுமையாகப் பின்னாலேயே போனார். றஷீனா கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என்னத்துக்கு இதுக்குப் பின்னால போறீங்க? முந்துங்க" என்றாள்.