இணைப்பு காலியாக உள்ளது

மாரித்தாய் பாலித்தீன் பையிலிருந்து போனை எடுத்துச் சுகிர்தாவிடம் நீட்டினாள். "மூணு வாட்டி படம் அனுப்பிட்டேன் தாயி. மூணு வாட்டியும் இல்லைன்னே வருது. இன்னைக்கு அஞ்சு மணியோட மனு வாங்குறது முடியுதாமே."

விருதுநகரில் ஒரு சிறிய கம்பெனியில் புரோகிராம் எழுதுபவள் சுகிர்தா. பட்டாசு ஆலை விபத்துகளில் தீக்காயம் பட்டவர்கள் சிகிச்சை உதவிக்கு விண்ணப்பிக்கும் இணையச் சேவை அந்தக் கம்பெனி செய்ததுதான்; அதனால்தான் மாரித்தாய் அங்கேயே தேடி வந்திருந்தாள். அண்மையில் நடந்த நாரணாபுரம் ஆலை விபத்தில் சிக்கிய அவள் கணவன் முனியராஜுக்குத் திங்கட்கிழமை கையில் தோல் ஒட்டும் ஆபரேஷன். விண்ணப்பம் ஏறினால்தான் ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள்.

சுகிர்தா போனைப் பார்த்தாள். 'இணைப்பு காலியாக உள்ளது. சரியான ஆதாரம் தரவும்' என்று மூன்று பதில்கள். மாரித்தாய் முதலில் அனுப்பியிருந்தது ஆஸ்பத்திரிச் சீட்டின் படம். அடுத்த இரண்டும் கட்டில்லாத பச்சைப் புண்.

"இது என்னக்கா?"

"சீட்ட நம்பலையாக்கும்னு கட்டை அவுத்துப் படம் எடுத்தேன். அந்த மனுசன் அளுதாரு. வெளிச்சம் பத்தலையோன்னு மறுநாளும் அவுத்தேன்."

சேவை தானாக அனுப்பும் அந்தப் பதிலை எழுதியது சுகிர்தாவின் கைதான்.

மேனேஜர் காளீஸ்வரனிடம் போய்க் கேட்டாள்.

"அதா? கம்ப்யூட்டர் படத்த முழுசா அனுப்பும். போன் துண்டு துண்டா அனுப்பும். நம்ம சேவை மொதத் துண்ட மட்டும் வாங்கிட்டு மிச்சத்த விட்டுரும். தை மாசமே தெரியும்மா."

"தெரிஞ்சுமா சார்?"

"வேலை குடுத்த பார்ட்டி கம்ப்யூட்டர்லதான பாத்தாக? தீபாவளி சீசன் முடியட்டும், பாத்துக்கலாம். அந்தம்மாவ பிரவுசிங் சென்டருக்குப் போகச் சொல்லு." சொல்லிவிட்டு, மேசையிலிருந்த சாமி படத்துக்குப் பூ வைத்தார். அந்தப் பூவைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. சாமி பொறுத்துக்கொள்ளட்டும்.

யாரையும் கேட்காமல் உட்கார்ந்து திருத்தினாள். ஒரு மணி நேர வேலை. எட்டு மாதம் கிடந்திருக்கிறது. மாரித்தாயின் போனிலிருந்தே சீட்டு ஏறியது.

"இருக்கன்குடி ஆத்தா கண்ணத் தொறந்துட்டா!" என்று மாரித்தாய் கையெடுத்துக் கும்பிட்டாள். சுகிர்தா அந்தக் கைகளைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

அதே விபத்தில் இன்னும் பதினொரு பேரின் விண்ணப்பங்கள் இதே பதிலோடு திரும்பியிருந்தன. ஒவ்வொரு எண்ணாக அழைத்தாள். யாரும் எடுக்கவில்லை.

"எப்படி எடுப்பாக? வீட்டாளுக பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போயிருப்பாக. கம்பெனிக்குள்ள போன் ஆகாது, வாசக் கேட்டுல வாங்கி வச்சிருவாக. நாலு மணிக்குத்தான் குடுப்பாக." மாரித்தாய் எழுந்துவிட்டாள். "நான் போயி கேட்டுல நிக்கேன்."

"உங்க வேலை முடிஞ்சிருச்சேக்கா. ஆஸ்பத்திரிக்குப் போகலையா?"

"அவுகளுக்கு முடியலையே."

சுகிர்தா தன் சாப்பாட்டுப் பொட்டலத்தை அவள் பையில் வைத்தாள். "போன்ல இருக்குற சீட்டுப் படம் மட்டும் போதும்னு சொல்லுங்கக்கா."

நாலே காலுக்கு முதல் சீட்டு ஏறியது. பிறகு வரிசையாக வந்தன. ஐந்தாக எட்டு நிமிடம் இருக்கும்போது பதினொன்றாவதும் வந்தது. அதில் சீட்டோடு பழைய படம் ஒன்றும் சேர்ந்து வந்திருந்தது: கட்டு அவிழ்த்த ஒரு கால், அதைப் பிடித்திருக்கும் பெண்ணின் வளையல் கை.

சுகிர்தா தான் எழுதிய பதிலைத் திறந்து அழித்தாள். அந்த இடத்தில், 'தவறு எங்களுடையது. காயத்தைக் காட்ட வேண்டாம்' என்று எழுதினாள்.