உள்ளே போகக்கூடாத விரல்

1

இந்தக் கதை என் கால் கட்டைவிரலில் பிறந்தது. உவமை இல்லை. நகம் சதைக்குள் வளர்ந்து வீங்கி, நான் நொண்டிக்கொண்டு போன இடத்தில்தான் கிடைத்தது. கதை என்பது இதயத்திலிருந்து வருவது என்று இரண்டு மூன்று கூட்டங்களில் பேசியிருக்கிறேன். வாபஸ்.

அந்த மருத்துவமனையில் இரண்டு கதவுகள். வலது கதவில் ‘பாத நோய்’ என்று எழுதியிருந்தது. இடது கதவில் ‘பாதச் சிற்பம்’. நோய்க்கு இரும்பு பெஞ்சு, சிற்பத்துக்கு சோபா. நான் பெஞ்சின் கடைசியில், சோபா தொடங்கும் இடத்தில் உட்கார்ந்தேன். கதை சோபாவில் உட்கார்ந்திருந்தது. அதைக் கண்டுகொண்ட நிமிடத்திலிருந்து எனக்கு வலி பாதி மறந்துபோனது. வீட்டுக்கு ஓடிவந்து, கட்டுப் போட்ட காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தேன்.  அவ்வளவு சந்தோஷம்!

2

முதல் தொடக்கம்: ‘ஆதிகாலம் தொட்டு மனிதகுலம் தன் பாதங்களை…’

(அடித்துவிட்டேன். இப்படித் தொடங்குகிற ஆள் முடிக்கமாட்டான்.)

இரண்டாவது தொடக்கம்: ‘அவளுடைய பாதங்கள் தாமரை மலர்களைப்…’

(தாமரையை யாரும் ஷூவுக்குள் திணிப்பதில்லை. அடித்தாகிவிட்டது.)

மூன்றாவது: ‘அந்தப் பெண்ணுக்கு இரண்டாவது விரல் கட்டைவிரலைவிட நீளம்.’

ஆகா! இது இருக்கட்டும். சின்ன வாக்கியம், உண்மையும்கூட. அந்த விரலை அன்று வெட்டிக் குட்டையாக்கப் போகிறார்கள். கூர்முனை ஷூ ஒன்றுக்குள் அது போக மறுக்கிறது என்பதுதான் அதன் மேல் உள்ள குற்றச்சாட்டு.

3

அவள் மேடை நிகழ்ச்சிகளைத் தொகுத்து வழங்குகிறவள். இந்தக் கதையில் அவளை ‘மைக்’ என்று அழைக்கிறேன். “என்னங்க, அந்தத் தண்ணி பாட்டில்” என்று அவள் கணவரிடம் மெதுவாகத்தான் சொன்னாள். ஹாலில் மூன்று பேர் தங்கள் பையைத் திறந்தார்கள்.

கணவருக்குப் பெயர் ‘சரிம்மா’. அன்று காலையில் அவர் வாயிலிருந்து வந்தது பெரும்பாலும் அதுதான்.

மூன்றாவது பாத்திரம் ஷூ. வெளிர் தங்க நிறம், பென்சில் சீவியதுபோல் முனை. சிற்பக் கதவில் ஒரு முறை உண்டு. வருகிறவர் எந்த ஷூவுக்காக வருகிறாரோ அதைக் கையோடு கொண்டுவர வேண்டும். அதற்குக் ‘கனவுக் காலணி’ என்று பெயர். வரவேற்பில் இருந்த பெண் அதை இரண்டு கையாலும் வாங்கி, சிவப்பு வெல்வெட் மெத்தையில் வைத்தாள். கால் வலியோடு வந்த எனக்கு “அந்தப் பக்கம் உட்காருங்க” மட்டும்தான்.

நான்காவது, டாக்டர். தன்னைப் ‘பாதச் சிற்பி’ என்று போட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் மூன்று வகைகள் இருந்தன: ‘மொட்டு’ என்றால் விரலைக் குறைப்பது, ‘இதழ்’ என்றால் பக்கத்து எலும்பைச் சீவுவது, ‘மலர்’ என்றால் இரண்டும் சேர்த்து.

(இவரை வில்லனாக்கலாமா என்று யோசித்தேன். மீசை வைத்துப் பார்த்தேன், குரலைத் தடிமனாக்கினேன். எடுபடவில்லை. அவர் தன் தொழிலை மனதார நம்புகிற நல்ல மனிதர். பயமே அதுதான்.)

இதுவரை எழுதியதை என் மனைவி படித்தாள்.

“ஏங்க, அவ எதுக்கு அந்த ஷூவைப் போடணும்னு எங்கேயுமே எழுதலியே? பொம்பளைன்னா ஷூ ஆசை இருக்கும்னு விட்டுட்டீங்களா?”

(விட்டிருந்தேன்.)

4

ஆகவே இது பிறகு சேர்த்தது. ஆனால் கற்பனை இல்லை. மைக் போனில் பேசியதை ஹால் முழுவதும் கேட்டது.

“ஷூ கம்பெனி விழாடி. அவங்க ஷூவைப் போட்டாத்தான் மேடையாம். இந்த மாடல்ல என் சைஸ் தயாரிக்கிறதே இல்லையாம், அழகு கெட்டுடுமாம். இன்னொரு பொண்ணைப் பார்த்து வச்சிருக்காங்க. அவளுக்கு அளவெடுத்த மாதிரி போகுதாம்… இல்லடி, மூணு மாசம் இருக்கு, ஆறிடும்ங்கறார். இதை விட்டேன்னா அடுத்த எல்லா மேடையும் அவளுக்குத்தான். கரண்ட் போன மண்டபத்துல மைக்கே இல்லாம கூட்டத்தை உட்கார வச்சவ நான். என் தொண்டையைப் பத்தி ஒருத்தன் கேட்கலை. கால் போகுதான்னு கேக்கறான்.”

கேலியாகத் தொடங்கிய கதை இந்த இடத்தில் என் காலை மிதித்தது. புண்பட்ட விரலின் மேலேயே.

5

மைக் கையெழுத்துப் போட உள்ளே போனாள். சரிம்மா சோபாவின் ஓரத்துக்கு நகர்ந்து வந்தார். இரண்டு குதிகாலிலும் பிளாஸ்திரி.

“உங்களுக்கும் கால்ல பிரச்சனையா சார்?” என்றேன்.

அவர் கதவைப் பார்த்தார். பிறகு வெல்வெட் மெத்தையைப் பார்த்தார்.

“அதே ஷூதான் சார்.”

“எதே?”

“எனக்குச் சின்னக் கால். ரெண்டு சாக்ஸ் மாட்டினா அவ சைஸ் வந்துடும். அவ நிகழ்ச்சிக்குப் போற அன்னைக்கெல்லாம் நான் அதைப் போட்டுக்கிட்டு வீடு கூட்டுவேன், துணி மடிப்பேன். கொஞ்சம் கொஞ்சமா இளகும்ல? ஒரு தடவை சமையலறையில சறுக்கி ஃப்ரிட்ஜைக் கட்டிப் பிடிச்சுட்டேன்.”

“ஆபரேஷன் வேணாம்னு வாயைத் திறந்து சொல்லலாமே சார்?”

“சொல்லிப் பழக்கமில்ல. இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. ஒரு வாரம் கிடைச்சிருந்தா முடிச்சிருப்பேன்.” குரலைத் தாழ்த்தினார். “அந்த விரல் நீளமா இருந்தா பொண்டாட்டி கை ஓங்கும்னு சொல்வாங்கல்ல? ஓங்கட்டும் சார். எனக்கு அது வசதியா இருக்கு.”

வாசகரே, இதைக் கேட்டுவிட்டு நான் எப்படி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன் என்று இன்றுவரை புரியவில்லை!

6

அளவெடுப்பு ஹாலின் நடுவிலேயே நடக்கும். மற்றவர்களுக்கும் ஆசை வர வேண்டுமல்லவா? கம்பளம் விரித்த சின்ன மேடை, மேலே விளக்கு. மைக் உட்கார்ந்தாள். டாக்டர் ஊதா நிறப் பேனாவால் அவள் இரண்டாவது விரலில் ஒரு கோடு போட்டார். பிறகு மெத்தையிலிருந்து ஷூவை எடுத்தார்.

“இப்ப பாருங்க மேடம். விரல் எந்த இடத்துல தடுக்குதுன்னு காட்டறேன்.”

மாட்டினார். கால் உள்ளே போய்விட்டது.

“போகக்கூடாதே!” என்றார் டாக்டர்.

“போயிடுச்சே டாக்டர்.”

“எடுங்க. திரும்பப் போடுங்க.”

திரும்பவும் போனது. காப்பியடித்த மாணவனைப் பார்ப்பதுபோல் டாக்டர் அந்தக் காலைப் பார்த்தார். “மேடம், கால் இன்னைக்கு ஒத்துழைக்க மாட்டேங்குது.”

இரும்பு பெஞ்சில் கட்டுப் போட்ட ஒருவர் கைதட்டினார்.

டாக்டர் ஷூவை விளக்கில் திருப்பினார். ஓரம் புடைத்திருந்தது, அடிப்பாகம் தேய்ந்திருந்தது. இரண்டு விரலை உள்ளே விட்டு எதையோ இழுத்தார். ஒரு பழைய பிளாஸ்திரி.

மைக் அதைப் பார்த்தாள். பிறகு கணவரின் குதிகாலைப் பார்த்தாள்.

“என்னங்க.”

“கொஞ்சம் இளகினா போதும்னு…”

“இளகி எப்படி ஆயிருக்கு பாருங்க! தொப்பை போட்டிருக்கு! இதோட ஷூ கம்பெனி மேடையில நிக்கட்டுமா நான்? இதுல நடந்தீங்களா?”

“கூட்டினேன்.”

அவள் முகத்தில்…

(இங்கே மூன்று வாக்கியம் எழுதி மூன்றையும் அடித்தேன். அது சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியாதபோது எனக்கென்ன அவசரம்?)

“கவலையே வேண்டாம்” என்றார் டாக்டர். “புது ஜோடி வாங்கிக்கலாம். கோடு போட்டாச்சு. இன்னைக்கே ‘மலர்’ முடிச்சிடலாம்.”

மைக் எழுந்து நின்றாள். அந்தத் தொப்பை போட்ட ஷூவோடுதான். கணவரிடம் கேட்டாள்:

“நான் உள்ளே போகட்டுமா?”

கவனியுங்கள், அது கேள்வி! அந்த மனிதரை அதுவரை அவள் கேள்வி எதுவும் கேட்டு நான் பார்க்கவில்லை. அவரும் எழுந்தார்.

“சரி” என்றார். ‘ம்மா’ வரவில்லை. “சரி, ஆனா…”

அப்போது வலது கதவு திறந்து, என் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள்.

7

போனேன். ஏன் போனாய் என்று கேட்பீர்கள். நகம் வலித்தால் நீங்களும் போவீர்கள். திரும்பி வந்தபோது சோபா காலி, மெத்தை காலி. இடது கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே யார் என்று கேட்டேன். சொல்லக்கூடாதாம்.

முடிவு ஒன்று: அவள் உள்ளே போனாள். ஆறும்வரை பலகை மாதிரி அகலமான, உலகத்திலேயே அசிங்கமான ஒரு செருப்பைப் போட்டுக்கொண்டு…

முடிவு இரண்டு: “ஆனா” என்ற சொல்லுக்குப் பிறகு அந்த மனிதர் அரைமணி நேரம் பேசி…

(என் மனைவி: “அவரு அரைமணி நேரம் பேசுவாரா? கதை விடறீங்க.”)

8

கதை இப்படியே நின்றது. தாங்கமுடியாமல், மூன்று மாதம் கழித்து, அந்த ஷூ கம்பெனி விழாவுக்கு ஒரு பாஸ் தேடிப் பிடித்துப் போனேன். கடைசி வரிசை. விளக்கு அணைந்தது. “எல்லாருக்கும் வணக்கம்!” குரல் நெஞ்சில் இறங்கியது. மைக்! மைக்கேதான்! நான் நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டேன். பின்னால் நின்றவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

குனிந்து காலைத் தேடினேன். மேடையின் விளிம்பு நெடுக, முழங்கால் உயரத்துக்குப் பூத்தொட்டிகள். ஷூ கம்பெனி விழாவில்! பெரிய திரையிலும் முகம் மட்டும். கூட்டத்தில் எவரும் காலைத் தேடவில்லை. அவள் பேசினாள், சிரிக்க வைத்தாள், கம்பெனி அதிபர் உளறியதைச் சமாளித்தாள்.

இடையில் ஒருவர் தண்ணீர் பாட்டிலோடு மேடைப் படியை நோக்கிப் போனார். சரிம்மா. கொஞ்சம் நொண்டியதுபோல் இருந்தது. அல்லது பாதை சரிவாக இருந்திருக்கலாம்.

நான் முன்னால் போய் அவள் காலைப் பார்த்திருக்கலாம். ஆனால் நகம் மறுபடி வளர்ந்துவிட்டது, இரண்டடி வைத்தால் உயிர் போகிறது. நீங்கள் நல்ல காலோடு இருக்கிறீர்கள். நடுவில் இருக்கும் அந்தத் தொட்டியை மட்டும் கொஞ்சம் நகர்த்துங்கள்.