கூப்பிட்டால் வர வேண்டும்

நாய்ப் பரீட்சையில் விருத்தாம்பாள் எவ்வளவு பொறுமையாக நின்றாள் என்று இன்றைக்கும் என்னைப் பற்றிச் சொல்கிறார்கள். பொறுமையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. எனக்குள் எதுவும் ஓடவில்லை, அவ்வளவுதான். மரத்துப்போன காலில் முள் குத்தினால் தெரியுமா? அப்படி நின்றேன்.

அது எழுபத்து மூன்றாம் வருடம். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் நானும் என் வீட்டுக்காரர் கொளஞ்சியும் வேலை பார்த்தோம். ஈரக் கோப்பைகளை நீளப் பலகையில் வரிசையாக வைத்து, பலகையைத் தோளில் ஏற்றி, மரப்படி ஏறி, சூளைக்கு மேலே இருக்கும் பரணில் காயவைப்பது அவர் வேலை. தோளில் பலகை இருக்கும் ஆளை யாரும் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் ஆள் திரும்புவார், கூடவே பலகையும் திரும்பும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவளுக்குக்கூட இது தெரியும். எட்டு வருடம் அங்கே குப்பை கொட்டிய நான், தை மாதம் ஒருநாள் படிக்குக் கீழே நின்று "ஏங்க" என்றேன். மோர் வேண்டுமா என்று கேட்கத்தான். அவர் திரும்பினார். பலகை சுவரில் இடித்தது. பெரிய உயரமில்லை, ஆனால் தலை முதலில் தரைக்கு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் அழவுமில்லை, யாரையும் கூப்பிடவுமில்லை. மகளைச் சாப்பிட அழைக்க வேண்டுமென்றால் பக்கத்தில் போய்த் தோளைத் தொடுவேன்.

ஜாடி அவர் வளர்த்த நாய். உடைந்த ஊறுகாய் ஜாடிக்குள் குட்டியாகக் கிடந்ததால் அந்தப் பெயர். அவர் போன பிறகும் அது சூளை வாசலை விட்டு நகரவில்லை. மூன்று முறை கயிறு கட்டி வீட்டுக்கு இழுத்துப் போனேன். மூன்று முறையும் கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு கம்பெனிக்கே திரும்பிவிட்டது.

வைகாசியில் புது மேனேஜர் வந்தார். காம்பவுண்டுக்குள் ஒரே ஒரு காவல் நாய்தான் இருக்கலாம், மற்றதையெல்லாம் முனிசிபாலிட்டி வண்டியில் ஏற்ற வேண்டும் என்றார். அந்த வண்டியில் ஏறிய நாய் எதுவும் திரும்பி வந்ததில்லை. எந்த நாய் இருக்கலாம் என்பதை ஆனி மாதம் ஆண்டுவிழாவில் பரீட்சை வைத்து முடிவு செய்வார்களாம். அதற்குக் கடலூரிலிருந்து சாமிதுரை என்று ஒரு ரிட்டயரான ஏட்டை வரவழைத்தார். போலீஸ் நாய்களைப் பழக்கியவர்.

மூங்கில் கழியைத் தாண்ட வேண்டும். இரண்டு பக்கமும் வெட்டிய தார் டிரம்முக்குள் புகுந்து வர வேண்டும். ஆளுயரத்தில் கட்டிய ஒற்றைப் பலகையில் நடக்க வேண்டும். கடைசியாக, தூரத்தில் உட்கார வைத்துக் கூப்பிட்டால் வர வேண்டும்.

"மத்ததுல தப்புனா மார்க்குதான் கொறையும். கூப்பிட்டா வராத நாயி காவலுக்கு ஆவாது" என்றார் சாமிதுரை.

மூன்று வாரம், தினமும் வேலை முடிந்ததும் ஜாடியைப் பழக்கினேன். எல்லாம் கைச்சாடையில்தான். கூப்பிடுகிற பாடத்தை மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன்.

போட்டிக்கு வந்தது இரண்டே நாய். ஸ்டோர் கிளார்க் ஜெயராஜ் ஓர் அல்சேஷனைக் கொண்டுவந்திருந்தார். அவர் போட்ட கூச்சலில் அது மிரண்டு, பலகையிலிருந்து இரண்டு தடவை குதித்துவிட்டது. ஆனால் கூப்பிட்டதும் ஓடிவந்தது.

ஜாடி கழியைத் தாண்டியது, டிரம்முக்குள் புகுந்து வந்தது. பலகையில் பாதி தூரம் போய் நின்றுவிட்டது.

"கூப்பிடும்மா, டைம் போவுது!" என்று மேனேஜர் கத்தினார். பலகைமேல் நிற்பதைக் கூப்பிடக் கூடாது என்று சுற்றி நின்ற எங்கள் ஆட்களுக்குத் தெரியும். நான் பலகை ஓரமாக, என் தோளிலும் ஒரு பலகை இருப்பதுபோல, மெதுவாக நடந்தேன். அதுவும் என்னோடு நடந்து, இறங்கியது. கைத்தட்டல் காதைப் பிளந்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

இனி கடைசிப் பாடம். அதில் தேறினால் ஜாடி பிழைத்துவிடும். நாற்பதடி தள்ளி உட்கார்ந்து என்னையே பார்த்தது. நான் வாயைத் திறக்காமல் நின்றேன்.

என்னோடு வேலை செய்யும் வீரம்மாள் பின்னாலிருந்து சொன்னாள். "பலகை இல்லடி, வெறுந்தரைதான். வாயத் தொறடி, ஒன்னும் ஆவாது."

ஜாடி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஐந்து மாதமாகத் தொண்டையில் கிடந்தது முந்திக்கொண்டது.

"ஏங்க!"

கூட்டம் சிரித்தது. நாயைப் போய் ஏங்க போங்க என்கிறாளே என்று சிரிப்பு. ஜாடி எழுந்து காதை விடைத்தது. என்னைப் பார்க்கவில்லை. என்னைக் கடந்து சூளைக்கு ஓடி, மரப்படிக்கு அடியில் நின்றுகொண்டு மேலே பார்த்து வாலை ஆட்டியது. எங்கள் ஆட்களின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"என்னம்மா, கூப்பிட்டா வரலியே?" என்றார் சாமிதுரை.

"நான் அதக் கூப்பிடலைங்க" என்றேன்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சீட்டில் ஒரு கோடு கிழித்தார். அல்சேஷன் தேறியது.

நான் சூளைக்குப் போய் ஜாடி பக்கத்தில் உட்கார்ந்தேன். "வர மாட்டாருடா" என்றேன். அந்தச் சொல்லை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. அது வாலை நிறுத்தவில்லை. எனக்கு அழுகை வந்தது. அடக்க முடியவில்லை, அடக்கவும் இல்லை.

அன்று சாயங்காலமே வீட்டுக்கு இழுத்துப் போனேன். விடிவதற்குள் திரும்பிவிட்டது. திங்கட்கிழமை வண்டி வந்தது. வலை போட்டு இழுத்தால் காலை முறித்துவிடுவார்கள் என்று நானே அதன் கழுத்தில் கயிற்றைப் போட்டுக் கொண்டுபோய் ஏற்றினேன். அது என்னைக் கடித்திருக்கலாம். கடிக்கவில்லை.